17ஆவது வரிசையிலிருந்து எச்.ஆர். துறைக்கு

எச்.ஆர். துறையினருக்கு வணக்கம்.

எங்கள் அலுவலகத்துக்கு என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். பாதி எழுதும்போதே, சென்னையில் மத்திய கைலாஷ் தொடங்கி சிறுசேரி வரை, ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். சாலையின் இருபுறமும் இருக்கிற எந்த அலுவலகத்துக்கும் இது பொருந்தும் என்று தோன்றிவிட்டது. அதனால் பொதுவில் வைக்கிறேன். என் பெயரும் நிறுவனத்தின் பெயரும் இதில் இருக்காது. ஏன் என்பது படித்தால் புரியும்.

போன மாதம் பேண்ட்ரியில் டீ எடுத்துக்கொண்டிருந்தேன். உங்கள் துறைத் தம்பி ஒருவர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, பக்கத்தில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "மேடம், நீங்க பண்ணது ஸ்லீவா, பைபாஸா? எங்க சித்திக்கும் பண்ணலாம்னு டாக்டர் சொல்றாங்க, அதான் கேட்டேன்" என்றார்.

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சித்தி மேல் நிஜமாகவே அக்கறை. எனக்குத்தான் கையிலிருந்த டீ தளும்பியது. எடையைக் குறைக்க இரைப்பையில் நான் செய்துகொண்ட அறுவை சிகிச்சை முடிந்து அப்போது ஒன்பது மாதம். வீட்டுக்காரருக்கும் அக்காவுக்கும் அலுவலகத்தில் ஒரே ஒரு தோழிக்கும் மட்டும்தான் தெரியும். மாமியாருக்கே பித்தப்பைக் கல் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

"உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல மேடம். கிளெய்ம் ஷீட்ல பாத்தேன்."

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம், பத்திரமாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காகத் தன் லேப்டாப்பைத் திறந்தார். எக்செல் கோப்பு. கடவுச்சொல் உண்டு: நிறுவனத்தின் பெயரும் வருடமும். உள்ளே பத்திகள் வரிசையாக நின்றன. ஊழியர் எண், பெயர், யாருக்குச் சிகிச்சை, மருத்துவமனை, நோய், கேட்ட தொகை, கொடுத்த தொகை. 17ஆவது வரிசையில் நான் இருந்தேன். "நோய்" என்ற பத்தியில் "உடல்பருமன் – ஸ்லீவ் அறுவை" என்று இருந்தது.

என் வரிசையைத் தேடும்போது கண் 16ஆவது வரிசையிலும் பட்டுவிட்டது. அது யார், என்ன என்று எழுத மாட்டேன். ஆனால் அன்றிலிருந்து அவரோடு லிஃப்டில் ஏறினால் எனக்குத் தரையைப் பார்க்கத்தான் முடிகிறது. அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தம்பி என்னை எத்தனை நாளாக இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாரோ.

இந்த ஷீட் எப்படி வருகிறது என்று பிறகு விசாரித்தேன். குரூப் இன்ஷூரன்ஸ் எடுத்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. என்ற இடைநிறுவனத்திடமிருந்து, மாதம் ஒருமுறை, பாலிசி ஏற்பாடு செய்த புரோக்கர் வழியாக நிறுவனத்துக்குக் கிளெய்ம் பட்டியல் வரும். பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில் பிரீமியம் ஏன் ஏறுகிறது என்று பேரம் பேச அது தேவை என்கிறார்கள். தேவைதான். எவ்வளவு பிரீமியம் கட்டினோம், எவ்வளவு கிளெய்ம் போனது, ஒரு லட்சத்துக்கு மேல் எத்தனை கிளெய்ம் என்றெல்லாம் தெரிய வேண்டும். என் இரைப்பையில் என்ன நடந்தது என்பது அந்தப் பேரத்துக்கு எதற்கு?

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இந்தச் சிகிச்சைக்குப் பணம் கிடைப்பது சும்மா இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2019இல், எதற்கெல்லாம் பாலிசி பணம் தராது என்ற விலக்குகளுக்கென்று ஒரே மாதிரியான வாசகங்களைக் கொண்டுவந்தது. உடல்பருமன் அறுவைக்குப் பணம் கிடைக்க அந்த வாசகம் கேட்பது இதையெல்லாம்: மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும், 18 வயது ஆகியிருக்க வேண்டும், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35இலிருந்து 40க்குள் என்றால் கூடவே உடல்பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுக்கு வராத சர்க்கரை, இவற்றில் ஒன்றாவது வேண்டும். அதுவும் எடை குறைக்கும் எளிய வழிகளெல்லாம் பார்த்துப் பலிக்காமல் போன பிறகு.

இந்த 40, 35 என்ற எண்கள் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1991இல் சொன்னவை. 2022இலேயே சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைத் தளர்த்திவிட்டன. கூட நோய் இல்லாவிட்டாலும் 35 போதும், நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகுக்கு 27.5க்கு மேலேயே யோசிக்கலாம் என்றார்கள். நம்மூர் பாலிசி வாசகம் இன்னும் 1991இலேயே நிற்கிறது. அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

நான் 158 செ.மீ., 103 கிலோ. கணக்குப் போட்டால் 41 வரும். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது என்பதற்கு ஓர் இரவு முழுக்க வயர் ஒட்டி எடுத்த ரிப்போர்ட். மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9க்கு மேல். ஐந்து வருடத்தில் மூன்று டயட்டீஷியன்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள், எத்தனை கிலோ குறைந்து எத்தனை கிலோ திரும்பி வந்தது என்ற கணக்கோடு. தோற்றுப்போன கதை அத்தனையையும் ஃபைல் போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைக் கொடுத்தது சிகிச்சைக்கு அனுமதி தரும் மருத்துவர் குழுவுக்கு. பாலிசியில் பணம் கட்டுவது நிறுவனம்தான், நன்றி. அந்தப் பணத்தோடு என் ஃபைலும் உங்கள் மேசைக்கு வந்துவிடும் என்று வேலைக்குச் சேரும்போது யாரும் சொல்லவில்லை.

கேஷ்லெஸ் அனுமதிக் கடிதமும் என் அலுவலக மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. சேர்ந்த நாளில் நீங்களே பதிவு செய்து கொடுத்த முகவரி. சிகிச்சையின் பெயர் தலைப்பிலேயே இருந்தது. நகல் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று பார்த்தால், உங்கள் துறையின் பொது முகவரி. அதைத் திறப்பவர்கள் நான்கு பேராம். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மறுநாள் காலை ஆறரைக்கு அட்மிஷன், வேறு பயங்கள் இருந்தன.

அடுத்தது லீவ். மூன்று வாரம் கேட்டேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இலிருந்து இருக்கிறது. நோய்க்கு 12 நாள், தற்செயல் விடுப்பு 12 நாள், ஒரு வருடம் முடித்தவர்களுக்குச் சம்பளத்தோடு இன்னும் 12 நாள். என் கணக்கில் எல்லாமே மிச்சம் இருந்தது. அந்த மூன்று வாரத்தை எடுக்க உங்கள் போர்ட்டல் என்னைப் படுத்தியபாடு! "சொந்தக் காரணம்" என்று போட்டால் திரும்பி வந்தது. "மருத்துவம்" என்று போட்டால் ஆவணம் கேட்டது. டாக்டரின் சான்றிதழை ஏற்றினால், டிஸ்சார்ஜ் சம்மரிதான் வேண்டும் என்று ஒரு குறிப்பு. அதை ஏற்றிவிட்டால் திறந்து பார்க்கக்கூடியவர்கள்: டீம் லீட், மேனேஜர், அவருக்கு மேலே ஒருவர், எச்.ஆர்., சம்பளக் கணக்குப் பிரிவு. டிஸ்சார்ஜ் சம்மரியில் என்னென்ன இருக்கும் தெரியுமா? எனக்கு எத்தனை பிரசவம், கடைசி மாதவிடாய் எப்போது, மனச்சோர்வுக்கு எப்போதாவது மாத்திரை எடுத்தேனா என்பதெல்லாம் இருக்கும். என் மேனேஜர் நல்ல மனிதர், வயதில் சின்னவர். அவருக்கு ஏன் இந்தத் தண்டனை?

கடைசியில் டாக்டரிடமே போய் நின்றேன். அவர் சிரித்தார். நிறையப் பேர் இதையே கேட்டு வருவார்களாம். "லேப்ராஸ்கோப்பி வயிற்று அறுவை சிகிச்சை, 21 நாள் ஓய்வு, பிறகு ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தார். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவருக்கு 2002ஆம் வருட நடத்தை விதிகளிலேயே உள்ள கடமை. அவர் தன் கடமையைச் செய்தார்.

ஒரு வேலையிடத்துக்கு என் உடம்பைப் பற்றித் தெரிய வேண்டியது அந்தச் சான்றிதழில் இருந்தது அவ்வளவும்தான். எப்போதிலிருந்து வரமாட்டேன், எப்போது வருவேன், வந்தபின் எதைச் செய்ய முடியாது. உயரத்தில் ஏறி வேலை செய்பவர், வண்டி ஓட்டுபவர், இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் என்றால் கூடுதலாகக் கேட்கலாம். இரைப்பை பைபாஸ் செய்துகொண்ட சிலருக்கு இனிப்புச் சாப்பிட்டபின் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலைசுற்றும். அப்படிப்பட்டவர் கிரேன் ஓட்டுகிறார் என்றால் கவலைப்பட வேண்டியதுதான். அங்கேயும் "இவர் கிரேன் ஓட்டலாமா, கூடாதா" என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதும். நான் டெஸ்டிங் டீமில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள்.

ஏன் மறைக்க வேண்டும், இதில் என்ன வெட்கம் என்று என் தோழியே கேட்டாள். அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

103 கிலோவாக ஓர் அலுவலகத்தில் இருப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியாது. அலுவலக கேப் வண்டியில் நடுசீட் எனக்குக் கிடையாது, கேட்காமலேயே முன்சீட்டைக் காலி செய்துவிடுவார்கள். மரியாதை மாதிரி இருக்கும். குரூப் போட்டோவில் "அக்கா, நீங்க ஓரத்துல" என்பார்கள். பிறந்தநாள் கேக்கில் எனக்கு வரும் துண்டு ஒன்று மிகச் சின்னதாக இருக்கும், இல்லை மிகப் பெரியதாக இருக்கும். இரண்டுக்கும் கூடவே ஒரு சிரிப்பு வரும். பத்து வருடமாக என் உடம்பு எல்லோருடைய பொதுச் சொத்தாக இருந்தது. இந்த ஒன்றையாவது எனக்கென்று வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன்.

இன்னொன்று, "குறுக்கு வழி" என்ற சொல். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாய் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது வெட்டி எடுக்கும் அந்தப் பகுதியில்தான். முதல் வாரம் 30 மில்லி கப்பில் தண்ணீரைக் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை உறிஞ்சினேன். பிறகு மோர், பருப்புத் தண்ணீர், மசித்த இட்லி. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதம் உள்ளே போயாக வேண்டும், வயிறோ நான்கு ஸ்பூனில் மூடிக்கொள்ளும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. நான்காம் மாதம் சீப்பு நிறைய முடி. பி12, இரும்பு, கால்சியம், டி விட்டமின் ஆயுசுக்கும். குறுக்கு வழி என்பவர்கள் ஒரு நாள் இந்த வழியில் நடந்து பார்க்கட்டும். 2024இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையில் எடை குறைப்பு அறுவை சிகிச்சையில் இறந்துபோன செய்தி வந்தபோது எங்கள் மதியச் சாப்பாட்டு மேசையில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். "வாயைக் கட்ட முடியாதவங்களுக்கு இதுதான்." சொன்னவர் நல்லவர்தான், வீட்டில் நாய்க்குட்டி வளர்க்கிறார். அப்போதே நான் மருத்துவரைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்த மேசையில் போய் எதைச் சொல்வது?

சொல்லாமல் இருந்ததற்கும் விலை இருந்தது, அதை மறைக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அரைக் கப் சூப்பை நாற்பது நிமிடம் குடித்ததைப் பார்த்தவர்கள் "விசேஷமா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் அவசரமாக விழுங்கியது நெஞ்சிலேயே நின்று வாந்தி எடுத்தேன், விசேஷம் உறுதியாகிவிட்டது. பிறகு முடி கொட்டியபோது வேறு ஒரு நோயின் பெயர் உலவியது. எனக்கு ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸ்காரரிடம் சொல்ல ஒருவராவது வேண்டும் என்றுதான் பக்கத்து சீட் தோழியிடம் சொன்னேன். யாரிடம், எப்போது, எவ்வளவு என்பதை நான் முடிவு செய்தேன்.

உங்கள் வெல்னஸ் கொண்டாட்டத்துக்கு வருகிறேன். சிகிச்சை முடிந்து எட்டாவது மாதம், எடை குறைப்புப் போட்டியில் நான்தான் முதல் என்று எனக்கு ஒரு அழைப்பு வந்தது. டவுன்ஹால் என்கிற அலுவலகப் பொதுக்கூட்டத்தில் மேடையேறிப் பேச வேண்டும், பரிசும் உண்டு. தலைப்பையும் நீங்களே போட்டுவிட்டீர்கள்: "103இலிருந்து 71 வரை". 103 உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். போன வருட ஹெல்த் கேம்ப் ரிசல்ட்டிலிருந்து எடுத்தார்களாம். இலவசப் பரிசோதனை என்று சொல்லித்தான் அன்று வரிசையில் நிற்க வைத்தீர்கள். மெஷினில் ஏறியவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொண்டார்.

மேடைக்கு வரவில்லை என்று சொன்னேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டீர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பது பொய் ஆகாது என்பது என் கட்சி. மேடையில் நின்று தினமும் பத்தாயிரம் அடி நடந்தேன், எலுமிச்சைச் சாறு குடித்தேன் என்று சொல்லியிருந்தால் அது பொய். கீழே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒரு 100 கிலோக்காரி அதை நம்பி இன்னும் இரண்டு வருடம் தன்னையே திட்டிக்கொண்டிருப்பாள். பரிசை இரண்டாவதாக வந்தவருக்குக் கொடுங்கள் என்றேன். கொடுத்தீர்கள், சந்தோஷம்.

ஆன்சைட், அதாவது கிளையன்ட் இருக்கும் நாட்டுக்கே போய் வேலை பார்க்கும் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருக்கிறது, அதைச் சந்தேகமாகவே வைக்கிறேன். ஜெர்மனி கிளையன்ட்டிடம் ஆறு மாதம் போக வேண்டியது நான். கடைசி நேரத்தில் வேறொருவர் போனார். "குளிரு, சாப்பாடு எல்லாம் உங்க உடம்புக்கு ஒத்துக்குமா தெரியல, அதான்" என்றார் மேனேஜர். என் உடம்புக்கு என்ன என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அலுவலகத்தில் உலவிய வதந்தியை வைத்துச் சொன்னாரா, 17ஆவது வரிசையைப் பார்த்துச் சொன்னாரா, இனி எனக்குத் தெரியப் போவதில்லை. கேட்டால் அக்கறை என்பார். உண்மையும் அதுவாக இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் என்னை யாரும் வெறுத்து ஒதுக்கியதில்லை, அக்கறைப்பட்டுத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

அந்த ஜெர்மனியில் எப்படித் தெரியுமா? அங்கே உடம்பு சரியில்லை என்று மருத்துவர் கொடுக்கும் சான்றிதழில், முதலாளிக்குப் போகும் பிரதியில் நோயின் பெயரே இருக்காது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அவ்வளவுதான். நோயின் பெயர் காப்பீட்டுக்குப் போகும் பிரதியில் மட்டும். 2023 முதல் பெரும்பாலோருக்கு முதலாளியிடம் காகிதம் கொடுக்கும் வேலைகூட இல்லை, நிறுவனமே காப்பீட்டு அமைப்பிடமிருந்து தேதிகளை மட்டும் கணினியில் எடுத்துக்கொள்கிறது. நம் கிளையன்ட்டின் தகவல் பாதுகாப்பு விதிகளுக்காக வருடா வருடம் எங்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வும் வைக்கிறீர்கள். கிளையன்ட்டின் தரவில் ஒரு தொலைபேசி எண் திரையில் தெரிந்தாலே மெமோ. எங்கள் தரவுக்கு எக்செல்.

சட்டம் தெரியாமல் பேசுகிறாள் என்று நினைக்க வேண்டாம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2011இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் உடல்நிலையையும் மருத்துவப் பதிவையும் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சென்சிட்டிவ் தகவல் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டன. எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும், தேவைக்கு மேல் திரட்டக் கூடாது என்றன. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நலத்துக்கென்று அப்படித் தனி இடம் இல்லை. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கத்துக்குச் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்தலாம் என்று ஒரு கதவும் திறந்திருக்கிறது. உங்கள் வழக்கறிஞர் அந்தக் கதவைக் காட்டுவார். அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம். தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்பதையும் அதே வழக்கறிஞர் சொல்லியிருப்பார். எச்.ஐ.வி. பற்றிய 2017ஆம் வருடச் சட்டம் நீதிமன்றம் உத்தரவிட்டாலொழிய யாரையும் தன் நிலையை வெளியே சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. எழுத நினைத்தால் இப்படியும் எழுதலாம். மற்ற நோய்களுக்கு அது வரும்வரை உங்கள் மனசைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்பது பெரிதாக எதுவும் இல்லை. புரோக்கர் அனுப்பும் பட்டியலில் பெயர், ஊழியர் எண், நோய் மூன்றும் வேண்டாம், மொத்தத் தொகைகள் வரட்டும். ஒரு எச்சரிக்கை: பெயரை மட்டும் எடுத்துவிட்டு "உடல்பருமன் அறுவை – 1" என்று போட்டால் பிரயோஜனம் இல்லை. 340 பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒரே வருடத்தில் 32 கிலோ குறைந்தவள் நான் ஒருத்தி. நோய்வாரியாகக் கணக்கு வேண்டும் என்றாலும், ஐந்து பேருக்குக் குறைவாக இருப்பதையெல்லாம் "மற்றவை" என்று சேர்த்துவிடச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ் பதிவுக்கு எங்கள் சொந்த மின்னஞ்சலைக் கேளுங்கள், நகல் உங்களுக்கு வேண்டாம். லீவ் போர்ட்டலில் டிஸ்சார்ஜ் சம்மரி கேட்கும் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, மருத்துவரின் தேதிச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவரை ஏற்றியவற்றை அழியுங்கள். ஹெல்த் கேம்ப் ரிசல்ட் அவரவர் கைக்கு மட்டும் போகட்டும். எடை குறைப்புப் போட்டி நடத்தியே ஆக வேண்டும் என்றால் நடத்துங்கள், அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று எழுதினால் மடல் நீளும்.

அந்தத் தம்பியை எதுவும் சொல்லிவிடாதீர்கள். அவர் கையில் அந்தக் கோப்பைக் கொடுத்தது நீங்கள். அவர் சித்தியின் எண்ணை வாங்கி நானே பேசிவிட்டேன், ஒரு மணி நேரம். சூப் எப்படி வைப்பது, முடி திரும்ப வருமா, வீட்டில் யாரிடம் என்ன சொல்வது என்று எல்லாம் கேட்டார். கடைசியாக, அவர் வேலை பார்க்கும் பள்ளியில் லீவுக்கு என்ன காரணம் எழுதலாம் என்று கேட்டார். டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த அந்த வரியை அப்படியே வாசித்துக் காட்டினேன். எழுதி வைத்துக்கொண்டார்.

ஏப்ரலில் பாலிசி புதுப்பிக்கிறீர்கள். அதற்கு முன் புரோக்கருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், நான்கு வரி.

இப்படிக்கு,
17ஆவது வரிசை